690 மைலைப் பார்க்காதீர்கள், 130 கிலோவாட்டைப் பாருங்கள்

2025 டிசம்பரில் ஃபோர்டு தன் முழு மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்து வரும் லைட்னிங்கில் பெட்ரோல் இன்ஜின் இருக்கும். ஆனால் அது சக்கரத்தைச் சுற்றாது, ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். 700 மைலுக்கு மேல் ஓடும் என்கிறார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, ராம் பிக்கப்புகளைத் தயாரிக்கும் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் தன் முழு மின்சார ராம் 1500 திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. அதுவரை ராம்சார்ஜர் என்று சொல்லிவந்த ஜெனரேட்டர் வண்டிக்கே ராம் 1500 ஆர்இவி என்று பெயரை மாற்றி வைத்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஸ்கவுட் நிறுவனத்திலும் முன்பதிவு செய்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஜெனரேட்டர் உள்ள ஹார்வெஸ்டர் வகையைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அதன் தலைவர் ஸ்காட் கியோ சொல்லியிருக்கிறார்.

பணக் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அமெரிக்க அரசு கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. ஃபோர்டின் மின்வாகனப் பிரிவுக்கு 2024-இல் மட்டும் சுமார் 510 கோடி டாலர் நஷ்டம். இவை இல்லாவிட்டாலும் பெரிய மின்சார பிக்கப்புக்கு ஒரு சிக்கல் இருந்துகொண்டே இருந்தது: பின்னால் ட்ரெய்லரை மாட்டினால் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியைவிடக் குறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். பெரிய பேட்டரி வைத்த லைட்னிங்கில் 131 யூனிட் மின்சாரம் நிற்கும் (வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான்; ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). அதிகாரபூர்வ ரேஞ்ச் 320 மைல். சமதளத்தில் மணிக்கு 65 மைல் வேகத்தில் தனியாகப் போனால் மைலுக்கு அரை யூனிட் அளவில் செலவாகும். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் ஒரு கேம்பர் ட்ரெய்லரை (உள்ளே தங்கிக்கொள்ளும் பெட்டி வண்டி) மாட்டினால் அது 1.1, 1.2 யூனிட்டுக்கு ஏறிவிடும். அதாவது 110, 115 மைலில் பேட்டரி காலி. இதில் எடையைவிட ட்ரெய்லரின் முகப்பில் மோதும் காற்றின் பங்கு அதிகம். அதனால்தான் தாழ்வான ட்ரெய்லரில் கனமான டிராக்டரை ஏற்றி இழுக்கும்போது இவ்வளவு அடி விழுவதில்லை. காலியான கேம்பர் பெட்டியோ பேட்டரியைக் குடித்துவிடும்.

சார்ஜரிலும் தொல்லை உண்டு. பெரும்பாலான வேக சார்ஜர்கள் கார் மூக்கை உள்ளே விட்டு நிற்கும்படி அமைந்தவை. ட்ரெய்லரோடு போனால் பின்பாதி வழியை மறிக்கும், கழற்றித்தான் ஆகவேண்டும். கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, லைட் வயர், ஜாக்கி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, 15-இலிருந்து 80 சதவீதம் வரை 40 நிமிடம் ஏற்றி, மறுபடி மாட்டவேண்டும். 100 மைலுக்கு ஒருமுறை இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

பேட்டரியைப் பெரிதாக்கினால் என்ன? ராம் முதலில் அந்த வழியில்தான் போனது. 168 யூனிட், 229 யூனிட் என்று இரண்டு பேட்டரிகளை அறிவித்தது. பேட்டரி பேக்கின் ஒவ்வொரு கிலோ எடையிலும் 150, 160 வாட்-அவர் (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்) நிற்கும் என்று வைத்துக்கொண்டால் 229 யூனிட் பேட்டரி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டன். ட்ரெய்லர் இல்லாத நாட்களிலும் அந்த ஒன்றரை டன்னையும் அதன் விலையையும் சுமந்துகொண்டே திரியவேண்டும். ஜெனரேட்டர் வண்டியில் பேட்டரி 92 யூனிட்தான்.

ராம் அறிவித்த அமைப்பு இது: முன்னால் 250 கிலோவாட் மோட்டார், பின்னால் 238 கிலோவாட் மோட்டார், 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6 இன்ஜின், அதோடு இணைத்த 130 கிலோவாட் ஜெனரேட்டர், 27 கேலன் பெட்ரோல் டேங்க். மின்சாரத்தில் மட்டும் 145 மைல், மொத்தம் 690 மைல், இழுவை 14,000 பவுண்டு வரை.

விளம்பரம் 690-ஐத் தூக்கிப் பிடிக்கிறது. அதில் 145-ஐக் கழித்தால் 545 மைல். அதை 27 கேலனால் வகுத்தால் கேலனுக்கு 20 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். சாதாரண வி8 பிக்கப்பும் கிட்டத்தட்ட இதைத்தான் கொடுக்கிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்ஜினின் சக்தி ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று மூன்று இடத்தில் கைமாறுகிறது, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் போய்விடும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது கியர் வழியாக நேராகச் சக்கரத்துக்குக் கொடுப்பதே சிக்கனம். ஆகவே தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு ஓட்டுபவருக்குத்தான் இந்த வண்டியில் மிச்சம். சார்ஜ் போடவே வசதியில்லாதவர் இதை வாங்கினால் அதிக விலை கொடுத்து அதே பெட்ரோல் செலவைச் செய்கிறார்.

உண்மையில் பார்க்கவேண்டிய எண் அந்த 130 கிலோவாட். வீட்டு போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும் மாதிரிதான் இந்த ஏற்பாடு: போர்வெல் மோட்டார் ஒரே சீராகத் தண்ணீர் ஏற்றும், காலை நேர நெருக்கடியைத் தொட்டி தாங்கும். தொட்டி காலியானால் போர்வெல் கொடுப்பது மட்டும்தான். சமதளத்தில் ட்ரெய்லரோடு 65 மைல் வேகத்துக்குச் சுமார் 75 கிலோவாட் போதும், மீதி பேட்டரிக்குப் போகும். மலையில் கதை வேறு.

கொலராடோவில் ஐ-70 சாலை மேற்கிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் பகுதியை எடுத்துக்கொள்வோம். சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை ஏற்றம், உச்சி 11,000 அடிக்கு மேல். வண்டியும் 10,000 பவுண்டு ட்ரெய்லரும் சேர்ந்து 8 டன். 55 மைல் வேகத்தில் ஏற மின்சாரமாக ஏறக்குறைய 200 கிலோவாட் வேண்டும். ஜெனரேட்டர் கொடுப்பது 130. மீதி 70-ஐ ஒன்பது நிமிடம் பேட்டரி கொடுக்கவேண்டும், அதாவது சுமார் 10 யூனிட். பேட்டரியில் அது இருந்தால் ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது. இல்லையென்றால் வேகம் 40 மைல் பக்கம் இறங்கிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் 30 சதவீத சக்தியை இழக்கும் என்பதால், அதே 130-ஐக் கொடுக்க அதிக சுழற்சியில் கத்திக்கொண்டுதான் ஓடும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. பிஎம்டபிள்யூ ஐ3 மின்சார காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வகையில் (இதே போல ஜெனரேட்டர் வைத்த வகை) நடந்தது இதேதான். அதில் 647 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், 25 கிலோவாட் அளவில் ஜெனரேட்டர். ஐரோப்பாவில் பேட்டரி 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் ஓட்டுநரே இன்ஜினை இயக்கிச் சார்ஜைக் காப்பாற்றிவைக்க முடிந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா விதிக்காக அந்த வசதியை மூடிவிட்டார்கள். பேட்டரி 6 சதவீதத்தை நெருங்கிய பிறகுதான் இன்ஜின் கிளம்பும். நீண்ட ஏற்றம் வந்தால் கார் நெடுஞ்சாலையிலேயே துவண்டுபோகும். வழக்கு வரை போனது. இயந்திரம் ஒன்றேதான், எந்த இடத்தில் இன்ஜின் எழுந்திருக்கவேண்டும் என்ற மென்பொருள் முடிவுதான் இரண்டு கண்டத்துக்கும் வேறாக இருந்தது.

ஆகவே வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் கேட்கவேண்டியவை: ஜெனரேட்டர் இடைவிடாமல் எத்தனை கிலோவாட் கொடுக்கும்? உச்ச அளவு வேண்டாம். பேட்டரி முழுதாகக் காலியாகாமல் வண்டி எத்தனை யூனிட்டை ஒதுக்கிவைக்கிறது? மலைக்கு முன்பே சார்ஜைச் சேர்த்துவைக்க ஒரு பொத்தான் உண்டா? ட்ரெய்லர் மாட்டியதை வண்டி தானாக உணர்ந்து ஒதுக்கீட்டைக் கூட்டுமா? இழுவை அளவு இரண்டு வகைக்கும் ஒன்றேதானா என்பதும் முக்கியம். ஸ்கவுட்டின் டெர்ரா பிக்கப்பில் முழு மின்சார வகைக்கு 10,000 பவுண்டு, ஹார்வெஸ்டருக்கு அதில் பாதி அளவுதான். ராமில் முன்னால் இருக்கும் இன்ஜின் ஹார்வெஸ்டரில் பின்னால் உட்காருகிறது. ஜெனரேட்டர் வந்தாலே இழுவை கூடும் என்று நினைத்துக்கொண்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பராமரிப்பைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. தினமும் சார்ஜில் ஓடும் வண்டியில் இன்ஜின் மாதக்கணக்கில் தூங்கும். டேங்கிலுள்ள பெட்ரோல் காற்றோடு சேர்ந்து கெட்டு, பிசுபிசுப்பாகி இன்ஜெக்டரை அடைக்கும். எப்போதாவது இரண்டு நிமிடம் ஓடி நின்றால் இன்ஜின் சூடாகாது, எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, உடனே மாற்றவேண்டும். செவர்லே வோல்ட் இதற்கு நல்ல வழி காட்டியது: காற்றுப் புகாத டேங்க், ஆறு வாரம் போல இன்ஜின் ஓடாவிட்டால் சில நிமிடம் தானாக ஓட்டிக்கொள்ளும் ஏற்பாடு, பெட்ரோலுக்கு ஒரு வயதாகிவிட்டால் அதை எரித்துத் தீர்க்கும் ஏற்பாடு. அதே ஏற்பாடு புதிய பிக்கப்பிலும் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் டேங்கைக் கால்வாசிக்கு மேல் நிரப்பிவைக்காமல், மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 20 நிமிடம் இன்ஜினில் ஓட்டுவது நல்லது. ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல் வருடம் பார்த்து மாற்றவேண்டும்.

குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் சுற்றுகளும் மூன்றாகின்றன. இன்ஜின் 90 டிகிரிக்கு மேல் கேட்கும், இன்வெர்ட்டர் 65-ஐத் தாண்டக் கூடாது, பேட்டரி 20-க்கும் 40-க்கும் இடையில் இருக்க விரும்பும். மூன்றுக்கும் தனித்தனி பம்ப், வால்வு, சில இடங்களில் தனித்தனி கூலன்ட். பட்டறையில் ஒன்றை மற்றொன்றில் மாற்றி ஊற்றினால் செலவு பெரிது.

ட்ரெய்லரே இழுக்காமல், மாலையில் டிப்போவுக்குத் திரும்பிவிடும் டெலிவரி, நகராட்சி வண்டிகளுக்கு இதில் எதுவும் தேவையில்லை. அவர்களுக்கு முழு மின்சார பிக்கப்தான் இன்றும் மலிவு. ஃபோர்டும் அந்தப் பக்கத்தை விட்டுவிடவில்லை. 30,000 டாலர் அளவில் ஒரு நடுத்தர மின்சார பிக்கப்பை லூயிவில் ஆலையில் கட்டி 2027-இல் விற்பதாகச் சொல்லியிருக்கிறது.