தெப்பக்காட்டில் யானை காட்டிய காடு

முதுமலை தெப்பக்காட்டில் யானைச் சவாரி நடந்துவந்த காலத்தில், பயணிகளை வரிசைப்படி ஏற்றிவிடுவதும், இருக்கையில் இடமிருந்தால் உடன் சென்று காட்டைப் பற்றி விளக்குவதும் என் பணியாக இருந்தன. விலங்குகளைக் காட்டுபவன் நான் என்றே பயணிகள் எண்ணினார்கள். உண்மையில் காட்டியது யானை. அதைப் புரிந்துகொண்டவர் பாகன். நான் கடைசியில் வாய் திறந்தவன் மட்டுமே.

சவாரிக்கான வேலை பயணிகள் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். முகாம் யானைகளை இரவில் காலில் சங்கிலியோடு காட்டில் மேய விட்டுவிடுவது வழக்கம். குறும்பர் முதலிய பழங்குடியினரான பாகன்களும், காவடிகள் எனப்படும் அவர்களின் உதவியாளர்களும் விடியற்காலையில் சங்கிலி இழுபட்ட தடத்தையும் ஒடிந்த மூங்கிலையும் பார்த்துக்கொண்டே நடந்து அவற்றைக் கண்டுபிடித்து ஓட்டி வருவார்கள். சில நாட்களில் முகாமின் பெண் யானையோடு காட்டுக் கொம்பன் நிற்கும். அது விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். முகாமில் பிறந்த கன்றுகளில் பலவற்றுக்குத் தந்தை காட்டு யானைதான். தாமதத்திற்கு இதைக் காரணமாகச் சொன்னால், ஊட்டிப் பேருந்தைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்பவர்கள் நம்புவதில்லை.

மாயாற்றில் குளிப்பாட்டிய பின் முதுகில் மெத்தை கட்டுவார்கள். யானையின் முதுகெலும்பு மேல்நோக்கித் துருத்தி நிற்பதால், பாரம் நேராக அதன்மேல் இறங்கினால் புண்ணாகிவிடும். இருபுறத்துச் சதையே தாங்குமாறு மெத்தை அமைய வேண்டும். நால்வரின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் கயிறு உரசித் தோல் கன்றிவிடும் என்பதால் கணவனையும் மனைவியையும் பிரித்து உட்காரவைத்து நான் வாங்கிக்கொண்ட வசவுகள் ஏராளம். நகங்களை ஒட்டிய இடத்தைத் தவிர யானைக்கு வியர்ப்பதில்லை. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே தணித்துக்கொள்கிறது. வெயில் ஏறிய பிறகு மெத்தையும் மனிதரும் அதன் முதுகில் இருப்பது தகாது என்பதே என் கருத்து.

காட்டுக்குள் நுழைந்ததும் பாகன் கால் விரல்களால் யானையின் காதுக்குப் பின்னே அழுத்தி வழி சொல்வார். ஜீப் நுழைய முடியாத உண்ணிச்செடிப் புதர்களை யானை விலக்கிக்கொண்டு போகும். பயணிகள் பேசாமலிருந்தால் புள்ளிமான்கள் ஓடுவதில்லை. காட்டெருதுகள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மேயும். நாங்கள் கவனிக்க வேண்டியது புதரை அல்ல, யானையின் காதுகளை. விசிறிக்கொண்டிருந்தவை சட்டென்று நின்றால் அது எதையோ கேட்கிறது; தும்பிக்கை நுனி உயர்ந்தால் காற்றை முகர்கிறது. அப்போது, எதிரில் எதுவும் தென்படாதபோதும், பாகன் யானையைத் திருப்பிவிடுவார். மதம் பிடித்த கொம்பன் அருகிலிருந்தால் பெண் யானையின் முதுகில் ஆட்களை வைத்துக்கொண்டு முன்னேறுவது விபரீதமாகும்.

இப்படிப் பாதியில் திரும்பியவர்கள், புலியை மறைத்துவிட்டோம் என்றுகூடச் சண்டைக்கு வந்ததுண்டு. கட்டணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் எனக்கு இல்லாததால், மாலையில் கேழ்வரகும் கொள்ளும் அரிசிச் சோறும் வெல்லமும் உருட்டி யானைகளுக்குக் கவளம் ஊட்டும் இடத்துக்கு வரச்சொல்வேன். கோபித்துக்கொண்டவர்களில் பலர் வந்தார்கள். சவாரி நேரத்தைவிட அதிக நேரம் அங்கே நின்றார்கள்.