குக்கர் விசிலும் நார்த்தங்காயும்

மார்ச் 4
அப்பா வீட்டுக்கு வந்து ஐந்து நாள். பக்கவாதம், அடி வாங்கியது வலது மூளை. மத்தியானம் இலை போட்டேன். "ஊறுகாய் வைக்கலையா?" என்றார். இடது மூலையில் உப்புக்குப் பக்கத்திலேயே நார்த்தங்காய் இருந்தது (துளியூண்டு, பிபி இருக்கிறது). இலையை அரைவட்டம் திருப்பினேன். "இப்பத்தான் வச்சியா?" என்று தொட்டுக்கொண்டார். இலையைத் திருப்பலாமா என்று அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பார்வையில் கோளாறில்லை என்று ஏற்கெனவே பரிசோதித்தாயிற்று. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றுவதில்லை.

மார்ச் 9
சாயங்காலம் நாற்காலியில் கண் சொருகி உட்கார்ந்திருந்தார். இடதுபுற ஸ்டூலில் காபி. இரண்டு தரம் சொல்லியும் கை போகவில்லை. குக்கர் விசிலடித்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தவர், "இந்தா இருக்கே" என்று டம்ளரை எடுத்தார். அடுப்படி அவருக்கு வலப்பக்கம்! சத்தம் வந்த திசைக்குக் கவனம் போனது என்றும் சொல்ல முடியாது.

மார்ச் 10
அப்பாவுக்குப் பயிற்சி தருகிற பெண்மணியிடம் சொன்னேன். சிரித்தார். 1998-இல் மூளை ஆராய்ச்சியாளர் இயன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் இதே சிக்கல் உள்ள எட்டுப் பேரிடம் சோதித்ததை 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்களாம். இடப்பக்கம் தெரிவதை அவர்கள் வலப்பக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். முன்கூட்டி ஒரு எச்சரிக்கை ஒலி கொடுத்தால் அந்தத் தாமதம் போய்விட்டது, ஒலி வலப்பக்கமிருந்து வந்தாலும் கூட. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் வேலையில் வலது பாதிக்குப் பெரிய பங்கு. அங்கே அடிபட்டால் விழிப்பு மட்டுப்படும், இடப்பக்கக் கவனம் இன்னும் சரியும். திடீர்ச் சத்தம் மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் என்ற விழிப்பூட்டும் வேதிப்பொருளைக் கிளப்பிவிட, கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் துலங்கும். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

மார்ச் 16
அப்படியானால் நாள் முழுக்க வீட்டைக் கலகலவென்று வைத்திருந்தால் போதும் என்று நினைத்தேன். முட்டாள்தனம். இன்று சொந்தக்காரர்கள் ஏழு பேர், டிவி, குழந்தைகள். அப்பாவுக்குப் படபடப்பு, வலப்பக்கம் நின்ற சித்தப்பாவிடம்கூடப் பேச்சு ஒட்டவில்லை. தூக்கமும் உதவாது, பதற்றமும் உதவாது.

மார்ச் 23
புதுப் பயிற்சி. முதலில் அந்தப் பெண்மணி மேசையைத் தட்டி "கவனம்!" என்பார், அப்புறம் அப்பாவே தட்டிச் சொல்ல வேண்டும். பாதி நாள் மறந்துவிடுகிறார். இன்று சாப்பிடும்முன் தொடையில் படீரென்று தட்டி, "முழிச்சுக்கோடா" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நார்த்தங்காயைத் தானாகவே எடுத்தார். இன்னொரு துண்டு கேட்டார். தரவில்லை.