1.15 மில்லிமீட்டர்: 6×9 பெட்டிக்கு இன்ஃபினிட்டி பிடித்த கதை

நானே கட்டிய கேமராவில் (நெகட்டிவ் 6×9 சென்டிமீட்டர்) எடுத்த மூன்றாவது ரோல் நேற்று ராத்திரி குளியலறைக் கொடியில் தொங்கியது. காயும்வரை பொறுக்க முடியவில்லை. 50 எம்எம் லென்ஸைத் திருப்பிப் பிடித்து லூப்பாக்கி, ஈரத்தோடே பார்த்தேன். கோவை வடவள்ளி மொட்டைமாடியிலிருந்து எடுத்த மருதமலை. லென்ஸின் துளை முழுதாகத் திறந்து, எஃப்/6.8-இல். கோபுரத்தின் நிலைகளை எண்ண முடிகிறது! ஒரு மாத அலைச்சல் அதோடு தீர்ந்தது.

பெட்டி இதுதான்: பெல்லோஸ் (லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) முழுக்க ஓட்டையாகிப்போன ஒரு ஜெர்மன் 6×9 மடக்குக் கேமரா, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பக்கத்தை அறுத்து எறிந்தேன். அதன்மேல் லேத்தில் கடைந்த அலுமினியக் கூம்பு, அதற்குமேல் 17–31 மில்லி எம்65 ஹெலிகாய்டு (திருகினால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் வளையம்), முன்னால் ஷ்னைடர் ஆங்குலோன் 90 எம்எம். ஷட்டர் 0 எண் சின்க்ரோ-காம்பூர், லென்ஸ் போர்டில் 34.6 மில்லி ஓட்டை போட்டால் சிக்கென்று உட்காரும். அறுப்பது, கடைவது, கறுப்படிப்பது எல்லாம் நான்கு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது.

முதல் ரோலில் எட்டுப் படமும் நன்றாகவே வந்தன. வெயில் கொளுத்தியதால் எல்லாம் துளையைச் சுருக்கி 22-இல் எடுத்தவை. இரண்டாவது ரோலை மாலை வெளிச்சத்தில் 6.8-இல் எடுத்தபோதுதான் குட்டு உடைந்தது. ஃபோகஸ் ஸ்கேலை இன்ஃபினிட்டியில் (வெகுதூரப் பொருளுக்கான இடத்தில்) வைத்து எடுத்த மலை பஞ்சுபோல இருக்கிறது. அடுத்த படம், 7 மீட்டரில் நிற்கும் வேப்பமரத்துக்கு டேப் வைத்து அளந்து ஃபோகஸ் செய்தது. அதில் மரம் மங்கல், அதன் பின்னால் தெரியும் மலை கூர்மை!

என் முதல் யோசனை கூம்பு நீளமாகிவிட்டது, அரை மில்லி சீவினால் போதும் என்பது. கணபதியில் இருக்கும் லேத் பட்டறைக்கு ஓடினேன். அந்த அண்ணன் கூம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை தப்புன்னு அளந்துட்டு வாங்க தம்பி. சீவுன அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சீவியிருந்தால் தப்பு இன்னும் அரை மில்லி கூடியிருக்கும்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். 90 எம்எம் லென்ஸ் 7 மீட்டருக்கு ஃபோகஸ் ஆக, இன்ஃபினிட்டி நிலையிலிருந்து 1.17 மில்லி முன்னால் நகர வேண்டும். அவ்வளவு நகர்த்திய பிறகுதான் மலை கூர்மையாகிறது என்றால், ஸ்கேல் இன்ஃபினிட்டி என்று சொல்லும் இடத்தில் மலையின் பிம்பம் பிலிமுக்கு அவ்வளவு தூரம் பின்னால் விழுகிறது. லென்ஸ் பிலிமுக்கு அளவுக்குமீறி நெருக்கம். 6×9-க்கு மங்கல் வட்டம் (கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும் அதிகபட்ச மங்கல்) 0.05 மில்லி என்று வைத்தால், 6.8-இல் இருபக்கமும் 0.34 மில்லி பிழைதான் தாங்கும். 22-இல் 1.1 வரை தாங்கும். முதல் ரோல் அழகாக வந்ததற்குக் காரணம் இதுதான். இனி எந்தப் பெட்டி கட்டினாலும் முதல் ரோலைத் துளை முழுதாகத் திறந்துதான் எடுப்பேன்.

சரி, 1.17 எங்கிருந்து வந்தது? நான் இன்ஃபினிட்டி பார்த்த முறையிலிருந்து. மைக்ராஸ்கோப் ஸ்லைடில் மங்கல் டேப் ஒட்டி, பிலிம் கேட்டில் (படம் விழும் சட்டத்தில்) வைத்து, மலையைப் பார்த்து ஃபோகஸ் செய்திருந்தேன். டேப் கீறிவிடுமோ என்று பயந்து, டேப் ஒட்டிய பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன். ஸ்லைடு 1.2 மில்லி தடிமன். கண்ணாடிக்குள் ஒளி விலகுவதால் மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோகும், மீதி 0.8 மில்லி அப்படியே பிழை. டேப் எப்போதும் லென்ஸைப் பார்க்க வேண்டும்.

மீதியைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆனது. 120 ரோல் பிலிம் கேமராவின் முதுகைத் திறந்தால் இரண்டு ஜோடி தண்டவாளம் இருக்கும். உள் ஜோடியில் பிலிம் உட்காரும், வெளி ஜோடியில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும். ஸ்லைடின் நீளம் 75 மில்லி, பிலிமின் அகலம் ஏறக்குறைய 61. ஆக ஸ்லைடு உள் தண்டவாளத்தைத் தொடவே இல்லை, வெளி ஜோடிமேல் பாலம்போலக் கிடந்திருக்கிறது. பைக் மெக்கானிக்கிடம் டேப்பட் பார்க்கும் ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் தகடு) வாங்கி வந்து ஸ்லைடுக்கும் உள் தண்டவாளத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன். 0.35. இரண்டு பிழையும் ஒரே திசையில் கூடி 1.15. கணக்கும் கேஜும் இப்படி ஒத்துப்போனபோது எழுந்த சந்தோஷம் படம் நன்றாக வந்தபோதுகூட இல்லை.

மங்கல் கண்ணாடியை இனி நம்புவதாக இல்லை. பழைய நெகட்டிவ் துண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, உள் தண்டவாளத்தில் விறைப்பாக ஒட்டினேன். பின்னால் மங்கல் கண்ணாடி, அதற்குப் பின்னால் டார்ச். பிறகு பென்டாக்ஸ் கே1000-இல் 135 எம்எம் லென்ஸ் மாட்டி, இன்ஃபினிட்டியில் வைத்து, பெட்டியின் லென்ஸுக்குள் முன்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஷட்டர் பி-யில் (திறந்தே நிற்க), துளை முழுத் திறப்பில். கே1000-இன் இன்ஃபினிட்டி சரிதானா என்று முதலில் மலையை வைத்தே சோதித்துக்கொள்ளுங்கள், அது தப்பென்றால் எல்லாம் தப்பு. வியூஃபைண்டரில் கீறல் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஹெலிகாய்டைத் திருகத் திருக, கீறலின் ஓரப் பிசிறுகூடத் தெளிந்தது. இன்ஃபினிட்டியில் நிற்கும் கே1000-க்குக் கீறல் கூர்மையாகத் தெரியும் அந்த இடம்தான் பெட்டிக்கும் இன்ஃபினிட்டி. மலையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு மேசைமேலேயே இன்ஃபினிட்டி பிடிக்கலாம்.

ஸ்கேலை மட்டும் நகர்த்தி ஒட்டினாலும் வேலை நடக்கும்தான். ஆனால் ஹெலிகாய்டு முட்டி நிற்கும் இடமே இன்ஃபினிட்டியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், இருட்டில் கைக்கு அதுதான் தெரியும். ஆகவே ஹெலிகாய்டுக்கு அடியில் 1 மில்லி அலுமினிய வளையமும் 0.15 பித்தளை ஷிம்மும். ஷிம் தகடு 100 அடி ரோடு டூல்ஸ் கடையில் சுருளாகக் கிடைக்கிறது. வளையத்தின் பிசிறை அண்ணன் உப்புத்தாளில் இழைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கூம்பின் உள்பக்கத்துக்குக் கரும்பலகைக்கு அடிக்கும் போர்டு பெயின்ட் போதும், பளபளப்பே இல்லை. பின்மூடி இடுக்கில் ஃபோம் வேண்டாம், நம் ஊர் வெக்கைக்குப் பிசுபிசுவென்று உருகிவிடுகிறது. கறுப்பு உல்லன் நூலைப் பதித்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகவில்லை.

வியூஃபைண்டர் இன்னும் வரவில்லை. இந்த 90 எம்எம் லென்ஸ் 35 எம்எம் பிலிம் கேமராக் கணக்கில் 39 எம்எம் வருகிறது, 40-க்கான ஃபைண்டர் தேடுகிறேன். அதற்குள் மனசு அடுத்த பெட்டிக்குத் தாவிவிட்டது. அப்பாவின் ஆக்ஃபா கிளிக் III, பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது, அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதைப் பின்ஹோலாக்க (லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை) வேண்டும். இந்த 6×9-ஐத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கும் போக வேண்டும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் பிலிம் தயாரித்த ஊர். அவர்கள் செய்த 'இந்து' ரோல் இன்று கிடைத்தால் என்ன விலையானாலும் வாங்குவேன்.

இப்போதைக்கு ஸ்கேல் வேலை பாக்கி. 3 மீட்டருக்கு 2.78 மில்லி, ஒன்றரை மீட்டருக்கு 5.74 என்று டயல் கேஜ் வைத்து அளந்து பென்சிலில் குறித்திருக்கிறேன். கையில் இருப்பது ஒரே ரோல். ஞாயிறு காலை அக்கா மகளை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஒன்றரை மீட்டரில், 6.8-இலேயே எடுத்துப் பார்க்கிறேன். கண்ணிமை கூர்மையாக விழுந்தால்தான் பென்சில் கோட்டின்மேல் ஊசியால் கீறுவேன்.