அளவுக்குள்ளதான், காக்கா

"அளவுக்குள்ளதான் இருக்கு, காக்கா" என்று வெடிச்சத்தத்தைக் காட்டிய கருவியைப் பார்த்தபடி நான் சொன்னேன். அம்பாறைப் பக்கத்துக் கற்குவாரியில் வெடிக்காரருக்கு உதவியாக நின்ற, காக்கா (அண்ணன்) என்று நான் அழைத்த அந்த மனிதர், காதில் சுருட்டித் திணித்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே, "நீங்க சொன்னாச் சரி, சேர். ஆனா ராவையில படுத்தா காதுக்குள்ள சில்வண்டு கத்துறது நிக்குதில்ல" என்றார். நான் சிரித்ததாக நினைவு. அந்தச் சிரிப்புத்தான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

நாங்கள் ஒதுங்கி நின்ற பாறை மறைவில் கருவி காட்டியது 112 டெசிபல். வேலைத்தல இரைச்சல் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரை 140 டெசிபலை, அதாவது 200 பாஸ்கல் அழுத்தத்தை, எல்லையாக வைப்பது எனக்கு மனப்பாடம். இடையில் 28 டெசிபல் கிடக்கிறதே என்ற நிம்மதியில்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் அந்த 140, ஒலி ஒரு கணம் தொடும் உச்ச அழுத்தத்துக்கு உரியது. என் கருவியோ, ஒலியை ஏறத்தாழ ஒரு செக்கனுக்குப் பரப்பிச் சராசரி சொல்லும் 'ஸ்லோ' நிலையில் இருந்தது. பெருங்கல்லின்மேல் மருந்தை வைத்து மண் அப்பி வெடிக்கையில் எழும் அழுத்தம் சில மில்லிசெக்கனில் அடங்கிவிடும். 3 மில்லிசெக்கன் ஒலியை ஒரு செக்கனுக்குப் பரப்பினாலே 25 டெசிபல் கரைந்துபோகும், அந்த 3 மில்லிசெக்கனுக்குள்ளும் உச்சம் சராசரிக்கு மேலேதான் நிற்கும். கூட்டிப் பார்த்தால் என் 28 டெசிபலில் மிஞ்சுவது ஏதுமில்லை. நடுக்காதின் தசை சுருங்கிக் காக்கும் என்றும் ஆறுதல் கொள்ள முடியாது. அது சுருங்குவதற்குள் வெடி முடிந்திருக்கும்.

அன்று நான் அளக்கப் போனது கல்லுடைக்கும் இயந்திரமான கிரஷரின் இரைச்சலை. அதற்கு 'ஸ்லோ' பொருத்தமான நிலைதான். உச்சத்தைப் பிடிக்கும் வசதி என்னிடம் தரப்பட்ட கருவியில் இருக்கவில்லை, வெடியை அளக்கும்படி எவரும் கேட்கவுமில்லை. இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனாலும் கேட்காத கேள்விக்கு விடை சொன்னவன் நானல்லவா? "இந்தக் கருவியால அதச் சொல்லேலாது, காக்கா" என்பதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

அடுத்த கிழமை காதுக்கவசம் வேண்டுமென்று முகாமையாளருக்கு எழுதினேன். கிரஷரில் நிற்பவர்களுக்குக் கொடுத்ததாகப் பதில் வந்தது. வெடியருகே நின்ற காக்காவுக்கும் கிடைத்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அறியாமல் சொன்னது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் பழைய கோப்பொன்றைப் புரட்டியபோது அன்றைய தாள் அகப்பட்டது. 112 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில், 'ஸ்லோ' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். எதற்காக இட்டேன் என்பது நினைவில் இல்லை.