புலிக்குக் கேமரா கட்டும்போது

தமிழ்நாட்டுப் புலிகள் 2006 கணக்கெடுப்பில் 76, 2022இல் 306. மனம் நிறைகிறது. ஆனால் இடையில், சூடான உடல் முன்னால் அசைந்தால் தானே படம் எடுக்கும் கேமராக்களை வைத்த காட்டுப்பரப்பும் விரிந்திருக்கிறது. அதையும் சேர்த்தே இந்த ஏற்றத்தைப் படிக்க வேண்டும். காலடித்தடத்தை நம்பி எண்ணிய நாட்களில், ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாகவே கணக்கு காட்டியது. 2005இல் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எண்ணுவதில் அலட்சியம் கூடவே கூடாது.

இப்போது படத்தில் விழும் வரியை வைத்துத்தான் ஒவ்வொரு புலியையும் பிரித்து எண்ணுகிறோம். கேமரா கட்ட 2 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம். ஓர் இடத்துக்கு இரண்டு கேமரா. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரே கேமரா என்றால் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் பதிந்து, ஒரு புலியே இரண்டாகிவிடும்.

இடம் தேர்வதில்தான் பாதி வேலை. புலி முடிந்தவரை உண்ணிச்செடிப் புதரில் நுழையாது. வண்டிப்பாதையிலோ வறண்ட ஓடையிலோதான் நடக்கும். நகக்கீறல், எச்சம், சிறுநீர் பீய்ச்சிய மரம் மூன்றும் கிடைக்கும் பாதைச் சந்திப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

பாதையின் நடுவிலிருந்து இருபுறமும் மூன்றரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 40–45 செ.மீ. உயரத்தில், முழங்காலளவில் கட்டுங்கள். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கடிக்கும். சற்று விலக்கி வையுங்கள். இரவில் வரி தெளிவாக விழ வெள்ளை ஃபிளாஷ்தான் நல்லது; அகச்சிவப்பில் ஓடும் புலி மங்கிவிடும். கட்டியதும் புலி உயரத்துக்குக் குனிந்து, முன்னால் நடந்து சோதித்துப் பாருங்கள்.

முன்னால் இருக்கும் புல்லை வெட்டாவிட்டால் வெயிலில் சூடேறி அசையும் ஒவ்வொரு முறையும் படம் விழும். மெமரி கார்டு நிரம்பி, புலி வரும் இரவில் கேமரா சும்மா இருக்கும். கடும் வெயிலில் இன்னொரு சிக்கல்: சுற்றுப்புறமும் விலங்கின் உடலும் ஒரே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. யானை பிடுங்கிப்போடும், கேமராவுக்கு இரும்புக் கூடு அவசியம். எல்லாவற்றையும்விடக் கெடுதல், தேதியும் நேரமும் தப்பாக இருப்பது. இரண்டு கேமராவின் படங்களை நேரம் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறோம்.

குறைந்தது 25 நாள் ஓட வேண்டும். மாதக்கணக்கில் நீட்டினால் அதற்குள் பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் கலந்து கணக்கு குழம்பும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். வரி ஆயுளுக்கும் மாறாது. நாளை வேறொரு காட்டில் அது பதிவானாலும், எங்கோ ஒரு தோல் பிடிபட்டாலும், எந்தக் காட்டுப் புலி என்று சொல்ல அந்தப் படம் வேண்டும்.