"35-க்குள்ளதாம்மா இருக்கு"

நான் "ஆமாம்" என்று சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், எனக்குள் ஓடும் வழக்கில் என் பக்கத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி இதுதான். அந்த அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நார்மல்தானே தம்பி?" என்று கேட்டார். "35-க்குள்ளதாம்மா இருக்கு" என்றேன். இரண்டும் ஒன்றல்ல. அது அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டில் இருந்தது சிஏ-125, சினைப்பைப் புற்றுநோய் திரும்புகிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு. மதிப்பு 28. அதற்கு முந்தைய மூன்று முறையும் 9, 11, 10. கீமோ முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சாஃப்ட்வேர் அந்த வரியை மஞ்சளில் நிறுத்தி வைத்திருந்தது. டெல்டா செக் என்போம். இதே ஆளின் பழைய மதிப்போடு இது ஒத்துப்போகவில்லை, ஒரு தடவை பார்த்துக்கொள் என்று அர்த்தம். பார்த்தேன். டியூபில் பார்கோடு சரி. மெஷினைச் சரிபார்க்கக் காலையில் ஓட்டிய, அளவு தெரிந்த கண்ட்ரோல் இரண்டும் சரி. சாம்பிளைத் திரும்ப ஓட்டினேன், 27.6 வந்தது. மெஷின்மேல் பழி போட முடியாது. ஒப்புதல் பட்டனை அழுத்தினேன், ரிப்போர்ட் போய்விட்டது. 35-ஐத் தாண்டினால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் அதிகம் என்பதைக் காட்டும் 'ஹெச்' என்ற எழுத்து தடித்து அச்சாகும். 28-க்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைத்தாள்தான்.

அதுவரை என் வேலையில் பிழையில்லை. அதற்கப்புறமும் இல்லை என்றுதான் எங்கள் லேப் தலைவர் சொன்னார்.

இந்த 35 எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் உறுத்துகிறது. 1981-ல் ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் சிஏ-125-ஐப் பிடித்துக் காட்டும் ஓசி125 என்ற ஆன்டிபாடியைக் கண்டெடுத்தார்கள். சோதித்துப் பார்த்த வரிசையில் அது 125-ஆவது, பெயரில் வரும் எண் அவ்வளவுதான். 1983-ல் ஆரோக்கியமான 888 பேரின் ரத்தத்தில் அளந்தபோது நூற்றுக்கு ஒருவருக்குத்தான் 35 யூனிட்டைத் தாண்டியது. கோடு அங்கே விழுந்தது. அது நோயில்லாதவர்களை வைத்துப் போட்ட கோடு. இவரோ சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்து, ஆறு சுற்று கீமோவும் முடித்தவர். இவருடைய அளவு 35 இல்லை, இவருடைய சொந்த 10-தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாக விழித்துக்கொண்டிருந்தபோதுதான் சொல்லவில்லை.

எண்ணுக்கு விளக்கம் சொல்வது லேபில் இருப்பவன் வேலையில்லை என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். வயிற்றின் உள்சவ்வில் எந்த எரிச்சல் வந்தாலும் இந்த எண் ஏறும். வயிற்றுக் காசநோயில் ஏறும், ஈரல் சுருங்கி நீர் கோத்தால் ஏறும். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்று ஒருவரைக் கலங்கடிக்க நான் யார்? இப்படிச் சொல்லிப் பார்க்கும்போது சமாதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிப்படி நடப்பவன் "35-க்குள்ள" என்றும் சொல்லியிருக்கக் கூடாது. ஆறுதல் சொல்ல விதியைத் தாண்டிவிட்டு, மீதியைச் சொல்லாமல் இருக்க அதே விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆரம்பத்தில் உறுதியாக நினைவிருந்தது. இத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில், அந்த வாக்கியத்தை நானே பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அவருடைய வயிற்று நீர் ஒரு பாட்டிலில் வந்தது. வைக்கோல் நிறம், லேசான கலங்கல். செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சைட்டாலஜி பிரிவில் இருக்கும் தோழி கூப்பிட்டு, "இது உன்னோட இருபத்தெட்டுதானே, வந்து பாரு" என்றாள். (அவளிடம் அந்த எண்ணைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை புலம்பியிருந்தேன். அப்படியென்றால் அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கிறது, இல்லையா?) லென்ஸுக்குக் கீழே செல்கள் தனித்தனியாக இல்லை. கொத்துக் கொத்தாக, ஓரம் மேடுபள்ளமான உருண்டைகளாக இருந்தன. ஒவ்வொரு உட்கருவும் ஒரு அளவு, ஒரு கறுப்பு.

இந்த உருண்டைகள்தான் சினைப்பைப் புற்றுநோயின் வழி. வேறு பல புற்றுநோய்கள் ரத்தக் குழாய்க்குள் புகுந்து தூரப் போகும். இது பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே உதிர்ந்து, மிதந்து, ஒட்டிக்கொள்கிறது. டிஎன்ஏ பழுதான செல்லைத் தடுத்து நிறுத்த வேண்டியது பி53 என்ற புரதம். இந்த நோயின் தீவிர சீரஸ் வகையில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலுமே அது கெட்டுப்போயிருக்கும்; 2011-ல் வந்த பெரிய மரபணு ஆய்வில் அது 96 சதவீதம். பிடிப்பை விட்டுக் கழன்ற செல் சாதாரணமாகச் செத்துவிடும், இவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிழைக்கின்றன. விஇஜிஎஃப் என்ற இன்னொரு புரதம் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கசிந்தது வயிற்றில் தேங்குகிறது, உருண்டைகளுக்கு மிதக்க நீர் கிடைத்துவிடுகிறது.

ஒட்டும் இடத்தில்தான் என் புரதம் வருகிறது. இருபது வருடம் உலகம் முழுக்க சிஏ-125 அளந்துகொண்டிருந்தார்கள், அது இன்ன புரதம் என்றே தெரியாமல். 2001-ல்தான் அதன் மரபணு பிடிபட்டு, மியூக்16 என்று பெயர் வைத்தார்கள். செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய ராட்சதப் புரதம். வயிற்றின் உள்சவ்வு செல்களில் மீசோதீலின் என்று ஒன்று இருக்கிறது; மியூக்16 அதைப் பிடித்துக்கொள்கிறது என்று 2004-ல் காட்டினார்கள். மிதந்து வரும் உருண்டைக்குக் கால் பதிக்க ஒரு வழி. அந்த மியூக்16-லிருந்து அறுந்து ரத்தத்துக்கு வரும் துண்டைத்தான் என் மெஷின் எண்ணுகிறது.

பல வருடமாக இந்த எண்ணை ஒரு அடையாளமாக மட்டும்தான் பார்த்துவந்தேன். கட்டி எங்கோ இருக்கிறது, இது அதன் செய்தி என்று. செய்தி கொண்டுவருகிற ஆளே வேலையிலும் கூட்டு என்பது பாடத்தில் படித்ததுதான், அந்த ஸ்லைடு பார்க்கும்வரை மனதில் ஏறவில்லை. 10 எப்படி 28 ஆனது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். என்னைக் காப்பாற்றும் ஒரு ஆய்வு கிடைத்தது, 2010-ல் லான்செட்டில் வந்தது. 529 பெண்கள். ஒரு பாதிக்கு சிஏ-125 ஏறியதுமே கீமோ, மறுபாதிக்கு அறிகுறி தெரிந்த பிறகு. முதல் பாதிக்கு சிகிச்சை 4.8 மாதம் முன்னதாகத் தொடங்கியது, ஆனால் உயிரோடிருந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. வாழ்க்கைத் தரம் மட்டும் சீக்கிரமே குறைந்தது. இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மூன்றாவது நாள் தேதிகள் இடறின. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோது நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் பார்ப் தடுப்பு மாத்திரைகள் கிடையாது, அவற்றில் ஒன்றான ஒலாபரிப் அனுமதி பெற்றதே 2014-ல். அதைவிட மோசம் வேறொன்று. தங்கள் எண் தெரியாமல் இருக்கட்டும் என்று அவர்கள் சம்மதித்துச் சேர்ந்தவர்கள். இவர் எண்ணைத் தெரிந்துகொள்ள வந்தவர். வாய்விட்டுக் கேட்கவும் செய்தார்.

அந்த மூன்று மாதம் அவருக்குக் கவலையில்லாமல் போயிருக்கலாம். அதை நான் கொடுத்தது என்று வைத்துக்கொள்வதா, அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வதா? ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது.

அடுத்த ரிப்போர்ட்டை வாங்கவும் அவரேதான் வந்தார். 410, பக்கத்தில் தடித்த ஹெச். ஏதாவது கேட்பார் என்று நின்றேன், என்னென்னவோ தயாராக வைத்திருந்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன் தம்பி" என்று போய்விட்டார்.

இப்போது மஞ்சள் வரி வந்தால், 35-க்குள் இருந்தாலும், "முந்தைய மதிப்புடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று குறிப்பு அடித்துவிடுகிறேன். நேற்று ஒன்று வந்தது, 11-லிருந்து 19. அடித்து அனுப்பினேன். அரை மணியில் போன்.

"எதுக்கு தம்பி இதுல ஒரு வரி புதுசா எழுதியிருக்கு?"

"எல்லாருக்கும் போடுறதுதாம்மா" என்றேன்.