கொப்பம் 1054: ராஜாதிராஜனின் யானை மறுபடியும் சாய்ந்தது

சோழ அரசன் ராஜாதிராஜன் சாளுக்கியரோடு பொருது மாண்ட கொப்பம் போரைப் பொம்மைக் காட்சியாகச் செய்கிறேன். காலாட்கள் நாற்பதும் தயார். அரசனைச் சுமந்து திரும்பும் யானைதான் அடம் பிடிக்கிறது. மூன்று முறை வெட்டி ஒட்டியும் இரண்டே நாளில் முன்பக்கம் தொங்கிவிடுகிறது.

அளவு 1/72, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. சோழர் பொம்மை கிடைக்காததால் போரஸ் கால யானைத் தொகுப்பைத்தான் திருத்த வேண்டும். அது சாவகாசமாக நடக்கிற யானை. ஓட வைக்கிறேன் என்று முன்னங்கால் இரண்டையும் தூக்கினால் குதிரையாகிவிடும். யானைக்கு நாலுகால் பாய்ச்சலே கிடையாது, என்ன வேகத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி, தலையை உயர்த்தி, வாலை விறைப்பாக நிமிர்த்தினால் மிரட்சி வந்துவிடும்.

காலைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி வளைத்து, பிடி விடாமல் குளிர்நீரில் அமிழ்த்த வேண்டும். இந்த மெத்தென்ற பிளாஸ்டிக் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். 30 டிகிரி தேவையென்றால் 40 வளைக்கணும். உடனடிப் பசை இதில் பிடிக்காது. 0.8 மி.மீ. பித்தளைக் கம்பிதான் கதி. சாய்ந்ததற்குக் காரணமும் அந்தக் கம்பியே: முழங்காலோடு நின்றதால் அதற்கு மேலே பிளாஸ்டிக் மெல்ல மடிந்தது. இப்போது பாதத்திலிருந்து வயிறு வரை ஒரே கம்பி, அடியில் 5 மி.மீ. பலகைக்குள்.

இன்னொரு குற்றவாளி அரசனின் உடல். கல்வெட்டு 'ஆனைமேல் துஞ்சின' (யானைமேல் இறந்த) என்பதால் உடலைத் தரையில் போட முடியாது. பிடரியில் கவிழ்ந்தபடி எபாக்சி புட்டியில் (இரு பகுதி கலந்து பிசைந்தால் இறுகும் பசை) செய்தது, எடை முழுக்க முன்னங்கால்மேல். உள்ளே அலுமினியத்தாள் உருண்டை வைத்து மேலே 1 மி.மீ. புட்டி பூசினால் போதும். இரு பகுதியையும் சமமாகப் பிசைந்து அரை மணி விட்டால்தான் துணி மடிப்பு நிற்கும். அவசரப்பட்டால் விரலோடு வரும்.

எதிர்த் திசை பார்க்கும், தம்பி இரண்டாம் ராஜேந்திரனின் யானைக்கு 6 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறது. ஓடும் சோழப் படையை அவன் திருப்பிய கணம் அந்த வெற்றிடத்தில்தான் தெரியணும். தரைக்குச் செம்மண் நிறம் வேண்டாம்: போர் நடந்த பேராற்றங்கரையைக் கிருஷ்ணைக் கரை என்று கொள்வோர் உண்டு, அப்படியே வைத்துக்கொண்டேன்; அங்கே கரிசல்.

அடுத்த காட்சி தக்கோலப் போர், 949. கங்க மன்னன் பூதுகன் கையால் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்ததைச் சொல்லும் ஆதகூர் நடுகல், பன்றியோடு பொருது செத்த காளி என்ற நாய்க்கு எழுப்பியது. ஒரு மூலையில் அந்தக் கல்லும் வரும், 7 மி.மீ. உயர நாயோடு. கம்பிச் சட்டம் இப்பவே முறுக்கியாச்சு. இங்கே யானைக்குப் புட்டியே இன்னும் காயவில்லை.